நாய்க் கருத்தடைக்கு ஓர் அறக்கட்டளை: கொங்குப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தெருநாய்களுக்குச் சோறு வைக்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் "நாமே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சரலாங்க" என்று பேச்சு வந்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் தலைவராகவோ நிர்வாக அறங்காவலராகவோ கையெழுத்துப் போடுகிறவர் என்னென்ன பார்க்க வேண்டும், எந்தக் காகிதம் எப்போது தேவைப்படும், பணம் எங்கே போகும் என்று வரிசையாகத் தமிழில் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்திக்கொண்டே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என எங்கே இருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. காப்பகத்தில் தொடங்காதீர்கள்

யாராவது ஒருத்தர் "என் தோட்டத்துல ஒரு மூலையை எடுத்துக்கங்க, ஷெட் போட்டுக்கலாம்" என்பார். உடனே சரி சொல்லாதீர்கள். காப்பகம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்த வாரமே அட்டைப் பெட்டியில் குட்டிகளை வைத்து கேட்டுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போவார்கள். தீவனம், ஆள் கூலி, மருந்து எல்லாம் மாதாமாதம் வரும், குறையவே குறையாது, அந்தச் செலவைத் தாண்டிக் கருத்தடைக்குப் பணம் மிஞ்சாது.

முதல் வருடம் தோட்டத்து நாய், வீட்டு நாய். இரண்டாவது வருடத்திலிருந்து தெருநாய். இதுதான் என் யோசனை, காரணமும் சொல்கிறேன். நம் பக்கம் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் திரிகிற குட்டிகளில் கணிசமானவை தோட்டத்துக் காவல் நாய்கள் ஈன்றவை. ஆண் குட்டியை வைத்துக்கொண்டு பெண் குட்டிகளை ரோட்டோரம் விட்டுவிடுகிறார்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள்தான், வருடத்துக்கு இரண்டு ஈத்து வரை வரலாம். ஆக அந்த ஊற்றை அடைக்காமல் தெருவில் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தாலும் எண்ணிக்கை இறங்காது. இன்னொன்று, 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் அதன் உரிமையாளர் பொறுப்பு. உரிமையாளர் ஒப்புதல் எழுதிக் கொடுத்து, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் அறுவை நடந்து, செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். தெருநாயைத் தொட வேண்டும் என்றால்தான் ஆறாம் எண்ணில் சொல்லும் பெரிய அனுமதி வேண்டும். அது வருவதற்குள் கையில் ஒரு வருடக் கணக்கும் அனுபவமும் சேர்ந்திருக்கும்.

2. அறக்கட்டளையா, சங்கமா

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைந்தது ஏழு உறுப்பினர்கள், மாவட்டப் பதிவாளர் அலுவலகம், வருடாந்திரப் பொதுக்குழு, நிர்வாகக் குழுத் தேர்தல், வருடா வருடம் அறிக்கை தாக்கல். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு, இரண்டு மூன்று அறங்காவலர்கள் போதும். சிறிய குழுவுக்கு அறக்கட்டளையே தோது. பத்து இருபது பேர் சம உரிமையோடு நடத்தப் போகிறீர்கள், ஆளுக்கு ஆள் நம்பிக்கையும் இருக்கிறது என்றால் சங்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு எடுத்துப்போக வேண்டியவை: எல்லா அறங்காவலர்களின் ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகளும் அவர்களின் ஆதாரும், அலுவலக முகவரிக்குச் சொத்துவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, வாடகை இடமாக இருந்தால் உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பத்திர எழுத்தர் சொல்கிற தொகையை அப்படியே நம்பாமல் பதிவுத்துறை இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டில் இருந்து தலைவர், பொருளாளர் இரண்டு பேரும் வேண்டாம். கணவன் மனைவி இருவருமே நல்லவர்களாக இருக்கலாம், ஆனாலும் நன்கொடை கொடுக்கிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

3. பத்திரத்தில் இந்த வரிகள் இல்லாவிட்டால் பின்னால் அலைச்சல்

எங்களுக்குப் பத்திரம் எழுதியவர் கல்யாண மண்டப டிரஸ்டுக்கு எழுதிய பழைய வாசகத்தையே எடுத்துப் போட்டிருந்தார். வருமானவரி விண்ணப்பம் அதனால் நின்றது, திருத்தப் பத்திரம் போட வேண்டி வந்தது. நீங்கள் கையெழுத்துக்கு முன்னால் இவற்றைத் தேடிப் பாருங்கள்:

நோக்கங்களில் விலங்கு நலம், கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி என்று பெயர் சொல்லியே இருக்க வேண்டும். அறக்கட்டளை கலைக்கப்பட்டால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குப் போகும், அறங்காவலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படாது என்ற வரி வேண்டும். திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை என்று இருக்க வேண்டும். வருடா வருடம் கணக்குத் தணிக்கை, வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில், புதிய அறங்காவலரைச் சேர்ப்பது, இருப்பவரை நீக்குவது எப்படி என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

கோசாலை, கோயில் அன்னதானம், பூஜை எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். வேண்டாம். 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் வருமானவரிப் பதிவு) பெற்ற அமைப்பு மதம் சார்ந்த காரியங்களுக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது, நோக்கத்திலேயே கலந்துவிட்டால் கேள்விமேல் கேள்வி வரும். கோயில் காரியத்துக்குத் தனி அமைப்பு வைத்துக்கொள்ளட்டும்.

4. பான், வங்கி, 12ஏ, 80ஜி, தர்பண்

இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஒன்று வந்தால்தான் அடுத்தது நகரும். பத்திரம் கைக்கு வந்ததும் அறக்கட்டளை பெயரில் பான் அட்டை. அப்புறம் வங்கிக் கணக்கு. கணக்கைத் திறக்கும் தீர்மானத்தில் யார் யார் கையெழுத்து என்று பெயரோடு எழுதி, கூட்டக் குறிப்பேட்டின் நகலையும் கொண்டுபோங்கள்.

பிறகு வருமானவரித் தளத்தில் படிவம் 10ஏ. புதிய அமைப்புக்கு 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி இரண்டும் தற்காலிகமாக மூன்று வருடத்துக்குக் கிடைக்கும். அரசுக்குக் கட்டணம் கிடையாது, பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது. இதற்கே பெரிய தொகை கேட்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், கவனம். பலரும் விழுகிற பள்ளம் இதற்கு அடுத்துதான். வேலையைத் தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் பதிவே போய்விடும். அந்த விண்ணப்பத்துக்கு நடந்த வேலையின் படங்கள், ரசீதுகள், வங்கி அறிக்கை எல்லாம் கேட்பார்கள். ஒன்று நினைவில் வையுங்கள்: இங்கே சொல்லும் வருமானவரிப் படிவ எண்களும் பிரிவு எண்களும் 1961 வருமானவரிச் சட்டத்தில் உள்ளவை, 2026 ஏப்ரல் 1 முதல் 2025 சட்டம்தான் நடைமுறை என்பதால் இப்போதைய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு இலவசம். அரசு உதவியோ பெரிய நிறுவன உதவியோ கேட்கப் போனால் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

5. பணம்: யாரிடம் போகலாம், எதைத் தொடக்கூடாது

திருப்பூர் பனியன் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகக் காரியத்துக்குச் செலவிடுவது) பணம் வாங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி சி.எஸ்.ஆர். கடமை கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும்தான். அதிலும் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது தொட்டவற்றுக்குத்தான். நம் பக்கம் பெரும்பாலான தொழில்கள் கூட்டு வணிகம் (பார்ட்னர்ஷிப்) அல்லது தனி உரிமை. தகுதியுள்ள கம்பெனி கிடைத்தாலும் உங்களுக்குப் படிவம் சி.எஸ்.ஆர்-1 பதிவும், இதே வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். விலங்கு நலம் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது, அதனால் மூன்று வருடம் கழித்துத் தைரியமாகப் போய்க் கேளுங்கள்.

அதுவரை கூட்டு வணிக நிறுவனங்களிடம் 80ஜி ரசீதோடு போங்கள். மாதச் சம்பளக்காரர்களில் புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கு 80ஜி வரிக்கழிவு கிடையாது, கூட்டு வணிக நிறுவனத்துக்கு உண்டு. இந்த வித்தியாசம் தெரிந்து பேசினால் நூல் மில்காரரும் டையிங்காரரும் காது கொடுத்துக் கேட்பார்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் கழிவு கிடைக்காது, அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடியில் ஏற்ற வேண்டும். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய். அதனால் பணம் வாங்கும்போதே பெயர், முகவரி, பான் வாங்கிவிடுங்கள், மே மாதத்தில் போன் போட்டுக் கேட்டால் யாரும் எடுப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஒரு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கென்ற பதிவு இல்லாமல் பத்து டாலர்கூட வாங்கக்கூடாது, மாமன் மகனாக இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் முதல் பக்க நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

யாருடைய சொந்த ஜிபே எண்ணிலும் நன்கொடை வாங்காதீர்கள். அடிபட்ட நாய் படத்தைப் போட்டு அவசரம் என்று தன் எண்ணைக் கொடுக்கிற தொண்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

6. தெருநாய்க்கு: வாரியத்தின் திட்ட அங்கீகாரம்

இந்திய விலங்குகள் நல வாரியத்தில் அமைப்பாக அங்கீகாரம் பெறுவது வேறு, கருத்தடைத் திட்டத்துக்கு அங்கீகாரம் பெறுவது வேறு. இரண்டாவது இல்லாமல் எந்த அமைப்பும் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யக்கூடாது, மாநகராட்சி ஒப்பந்தமே கொடுத்தாலும் கூடாது.

ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பது: தனித்தனிக் கூண்டுகள், அறுவை அரங்கு, அதற்கு முன்னும் பின்னும் வைக்க இடம், நாய் ஏற்றும் வண்டி, கண்காணிப்புக் கேமரா, உறுப்புகளையும் இறந்த உடல்களையும் அப்புறப்படுத்தும் ஏற்பாடு, பதிவேடுகள். மருத்துவர்களில் ஒருவருக்காவது 2000 கருத்தடை அறுவை செய்த அனுபவம் வேண்டும். இதெல்லாம் சொந்தமாகக் கட்ட லட்சக்கணக்கில் ஆகும். அதனால் உள்ளாட்சி கட்டிவைத்த மையம் இருக்கிற ஊர் என்றால் அதை நடத்தும் பொறுப்புக்கு விண்ணப்பிப்பதே நல்ல வழி.

நடைமுறை விதிகளில் கட்டாயம் மனதில் நிற்க வேண்டியவை சில. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் கருத்தடை கூடாது. பால் கொடுக்கும் தாயைக் குட்டிகள் பால் மறக்கும்வரை பிடிக்கக்கூடாது. கூண்டு எத்தனையோ அத்தனை நாய்தான் பிடிக்க வேண்டும். வலை அல்லது கை, கம்பிச் சுருக்கும் இடுக்கியும் கூடாது. பிடிக்கப் போகும் தெருவில் முன்கூட்டியே அறிவிப்பு வைக்க வேண்டும். அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் பராமரிப்பு, வெறிநோய்த் தடுப்பூசி, காதில் வெட்டு அடையாளம், பிறகு பிடித்த அதே இடத்தில் விடுவது. எடுத்த உறுப்புகளைப் பார்மலினில் வைத்துக் கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்க்கும், பதிவேட்டு எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

அதே இடத்தில் விடுவது பற்றி 2025ல் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கிய உத்தரவுகள் போட்டிருக்கிறது. ஆகஸ்ட் 22 உத்தரவில் வெறிநோய் உள்ளவை, சந்தேகப்படுபவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது, சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. தலைவர் பொறுப்பில் இருக்கிறவர் இந்த இரண்டையும் அச்செடுத்து வண்டியில் வைத்திருக்க வேண்டும், தெருவில் சண்டை வரும்போது காட்ட வேண்டியிருக்கும்.

7. மருத்துவர், மருந்து, கழிவு

நம் பக்கம் நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து முடித்து வெளியே வரும் இளம் மருத்துவர்கள் பயிற்சி தேடுகிறார்கள், அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிட்டால் இருவருக்கும் நல்லது. மயக்கத்துக்குப் பயன்படும் கீட்டமின் எக்ஸ் அட்டவணை மருந்து. மருத்துவரின் சீட்டு இரண்டு பிரதி இல்லாமல் வாங்க முடியாது, பூட்டிய அலமாரியில் வைத்து ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு எழுத வேண்டும், சாவி மருத்துவரிடம் இருக்கட்டும்.

ஊசி, பஞ்சு, உறுப்புக் கழிவு எல்லாம் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளுக்குள் வரும், கால்நடை மையங்களுக்கும் அது பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் கழிவு எடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் வேண்டும்.

நாய் பிடிக்கிறவர், கூண்டு கழுவுகிறவர், டிரைவர் எல்லோருக்கும் கடிக்கு முன்பான வெறிநோய்த் தடுப்பூசி, 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள். போட்டு முடிக்காமல் ஒருவரையும் கூண்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். ஊசி போட்டவரையே கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, இதில் சமாதானமே வேண்டாம்.

8. ஒரு நாய்க்கு என்ன செலவு

உள்ளாட்சியின் டெண்டர் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், உங்கள் செலவைப் போட்டுப் பிறகு டெண்டரைப் பாருங்கள். பிடிக்கும் கூலி, போக வர டீசல், மயக்க மருந்து, தையல் நூல், ஆன்டிபயாடிக், வலி மருந்து, தடுப்பூசி, மருத்துவர் கட்டணம், ஐந்து நாள் சாப்பாடு, கழிவு, கரண்ட், தண்ணி. இதோடு தையல் பிரிந்து மறுபடி போட வேண்டிய நாய்க்கும், பத்து நாள் தங்க வேண்டிய நாய்க்கும் ஒரு தொகை சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டவர்கள்தான் பிறகு செலவைக் குறைக்க மூன்றாம் நாளே நாயை விட்டுவிடுகிறார்கள், அது ரோட்டில் கிடந்து சாகிறது. உள்ளாட்சிப் பணம் வேலை முடிந்து, எண்ணி, கையெழுத்தாகி வர மாதங்கள் ஆகும். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

9. பட்டிக்காரர்களிடம் போவது

இதைப் பட்டணத்து வழிகாட்டிகள் யாரும் எழுதுவதில்லை, நம் பக்கம் இதுதான் முக்கியம். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், சென்னிமலை சுற்று வட்டாரத்தில் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காட்டில்) கிளுவை வேலிக்குள் இரவு பட்டி போட்டிருக்கும் ஆடுகளை நாய்க்கூட்டம் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்ததும் உங்களுக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருட வருமானம் போய்விடுகிறது. "ஏனுங்க, நாய்க்குச் சோறு போடறீங்க, எங்க ஆட்டுக்கு ஆருங்க பதில் சொல்றது?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்.

அங்கே போய்ச் சட்டத்தைப் பேசாதீர்கள். முதலில் செத்த ஆட்டைப் போய்ப் பாருங்கள். புதைப்பதற்கு முன் படம் எடுத்து, கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கவும், இழப்பீட்டு மனு எழுதவும் கூட நின்று உதவுங்கள். அந்தப் பட்டியின் சொந்த நாய்க்கு அந்த வாரமே கருத்தடையும் ஊசியும் செய்து கொடுங்கள். கருத்தடை செய்த நாய் மறுநாளிலிருந்து ஆட்டைத் தொடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையில்லை. எண்ணிக்கை குறைய வருடக்கணக்காகும் என்று உள்ளதைச் சொன்னால் அவர்கள் மதிப்பார்கள்.

அதோடு கூட்டம் ஏன் சேர்கிறது என்று பாருங்கள். கறிக்கடைக் கழிவு ரோட்டோரக் குழியில், கோழிப்பண்ணையில் செத்த கோழி ஓடைக்குள், டவுனில் பிடித்த நாய்களைக் கொண்டுவந்து காட்டோரம் இறக்கிவிடுவது, மூன்றும் நடக்கிறது. கழிவு கொட்டும் இடத்தைப் படத்தோடு கிராமசபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராமசபை இருக்கிறது. கழிவு கொட்டத் தடை, கருத்தடைக்கு ஒன்றிய அளவில் மையம் கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு, இந்த இரண்டுக்கும் தீர்மானம் வாங்குங்கள். உங்கள் அமைப்பின் பெயரில் கேட்பதைவிட ஊர்த் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

விஷம் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே பதில் சொல்லுங்கள். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சம்ஹிதை 325ஆம் பிரிவில் ஐந்து வருடம்வரை சிறை. விஷம் வைத்த கறியை ஊர்ப்பட்டியின் நாயும் தின்னும், மயிலும் தின்னும், மயில் செத்தால் வனத்துறை வழக்கு தனி.

10. ஆட்களை வைத்து நடத்துவது

ராத்திரி பதினொரு மணிக்கு எங்கேயோ அடிபட்ட நாய்க்குப் போன் வரும். எல்லாவற்றுக்கும் ஓடினால் ஆறு மாதத்தில் தொண்டர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள், கருத்தடை வேலையும் நின்றுவிடும். எந்த எல்லைக்குள் போவோம், எத்தனை மணிவரை எடுப்போம், மற்றவற்றுக்கு எந்த அரசு மருத்துவமனை என்று எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். முடியாது என்று சொல்வது தலைவர் வேலை, அதைத் தொண்டர் தலையில் கட்டக்கூடாது.

மாதம் ஒரு கூட்டம், அதற்குக் குறிப்பேடு, வருகிறவர்கள் கையெழுத்து. வரவு செலவு ஒரு பக்கத்தில் எல்லாத் தொண்டருக்கும் போக வேண்டும். அறங்காவலர் ஒருவரின் ஷெட்டையோ வண்டியையோ வாடகைக்கு எடுத்தால் மற்றவர்கள் தீர்மானம் போட்டு, சந்தை வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அறங்காவலருக்குச் சலுகை போனதாகத் தெரிந்தால் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும்.

வருமானவரித் தளம், தர்பண், வாரியத் தளம், வங்கி எல்லாவற்றுக்கும் கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அறக்கட்டளையுடையதாக இருக்கட்டும். தலைவர் மாறும்போதோ உடம்புக்கு முடியாமல் போகும்போதோ ஓ.டி.பி. யாருக்குப் போகிறது என்று தேடி ஒரு மாதம் வீணாகும். தனி சிம் ஒன்று வாங்கி அலுவலகப் போனில் போட்டு, ரீசார்ஜ் தேதியைப் பொருளாளரின் நோட்டில் எழுதி வையுங்கள்.